குற்றவாளி கையா, சில்லா?

இயந்திரமொன்று பழுதுபட்டால் மனிதன் முதலிற் செய்வது அதனைத் தட்டிப் பார்ப்பது. அதனாற் பயன் காணாதவிடத்து, அதனைச் செய்து விற்றவனை வைவான். வைது களைத்த பின்னர்ப் புதியதொன்றை வாங்கப் புறப்படுவான். இவற்றுக்கிடையே ஆராய்ச்சி என்பதொன்று உண்டென்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். கைக்கடிகாரம் முதற் கணினி ஈறாக யாவற்றுக்கும் இது பொருந்தும்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணினியோடு பயன்படுத்தப்படும் ட்ராக்போல் என்னுங் கருவியிலே, பக்கத்தை மேலுங் கீழும் நகர்த்துதற்கென ஒரு சில்லு உண்டு. அச்சில்லு நெறி தவறி நடக்குமிடத்து நாம் செய்யத்தக்கது யாது என்பதே பொருள். விரல் நுனியளவான சில்லுக்கு ஒரு முழுக் கட்டுரையா என்று வாசகர் சிலர் நகைத்தல் கூடும். ஆயின், அச்சில்லின் பிழையால் மனிதர் ஒருவர் தம் உடலின்மீதே நம்பிக்கை இழந்ததை நாம் அண்மையிற் கண்டோம். அதனைக் கூறுமுன், கருவியின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம்.

பந்தும் சில்லும்

சுட்டியை நன்கறிந்த மாணவர்களுட் பலர் ட்ராக்போலைக் கண்டிருக்கமாட்டார்கள். சுட்டி மேசைமீது ஓடித் திரியும்; ட்ராக்போல் இருந்த இடத்தை விட்டு அசையாது. அதன் மேற்புறத்திற் பதிந்துள்ள பந்தைப் பெருவிரலாலோ ஏனைய விரல்களாலோ உருட்டினால், திரையிலுள்ள சுட்டுக்குறி அதற்கேற்ப நகரும். தோளையும் முழங்கையையும் அசைக்க வேண்டாமையால், கைவலியுடையோரும் மேசையில் இடம் போதாதோரும் இதனை விரும்பிக் கொள்வர்.

வயதிலே ட்ராக்போல் சுட்டிக்கு மூத்தது. பிரித்தானியக் கடற்படையின் ராடார்த் திரைகளிற் பயன்படுத்துதற்கென 1946ஆம் ஆண்டிலே ரால்ஃப் பெஞ்சமின் என்பார் இத்தகைய உருள்பந்தொன்றை அமைத்தார். அது படைத்துறை இரகசியமாகவே நெடுங்காலம் இருந்தது. 1952இற் கனடாக் கடற்படையின் டேட்டார் என்னும் அமைப்புக்காக, தொம் கிரான்ஸ்டன், ஃபிரெட் லோங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகிய மூவர் அத்தகைய கருவியொன்றைச் செய்தனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பந்து, கனடிய மக்கள் விளையாட்டிற் பயன்படுத்தும் போலிங் பந்தேயாம்! டக்ளஸ் எங்கல்பார்ட் முதற் சுட்டியை உருவாக்கியது இவற்றுக்கெல்லாம் பின்னரே. அது 1964இல் நிகழ்ந்தது.

சில்லின் கதை வேறு. அஃது இக்கருவிகளோடு உடன் பிறந்ததன்று. 1995இல் வெளிவந்த புரோஅஜியோ என்னுஞ் சுட்டியிற் சில்லு இருந்தது. 1996இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இன்டெலிமௌஸ் அதனை உலகெங்கும் பரப்பியது. பின்னர் ட்ராக்போல்களும் அதனைத் தமதாக்கிக் கொண்டன. சில ட்ராக்போல்களிற் சில்லுக்குப் பதிலாகப் பந்தைச் சூழ்ந்து ஒரு வளையம் அமைந்திருக்கும். சிலவற்றில் இரண்டும் இல்லை.

இவ்வரலாற்றை நாம் கூறியதற்குக் காரணம் உண்டு. பந்தும் சில்லும் ஒரே கூட்டினுள் வாழ்ந்தாலும் அவை வெவ்வேறு உறுப்புகள். இக்காலத்துப் பந்தின் அசைவை ஒளியும் உணரியும் கண்டறிகின்றன. சில்லின் அசைவை அறிதற்குத் தனியான வேறோர் உறுப்பு உண்டு. ஆகவே பந்து செவ்வனே உருளச் சில்லு மட்டும் பிழைத்தல் இயல்பே. பந்தை எடுத்து, அது தங்கும் குழியிலுள்ள மூன்று சிறு தாங்கிகளிற் படியும் அழுக்கைத் துடைத்தாற் சுட்டுக்குறியின் தடுமாற்றம் தீரும். சில்லின் தடுமாற்றம் தீராது. பலர் பந்தையே நாள்தோறும் துடைத்து, 'இன்னும் சரிவரவில்லையே' என வருந்துவது இவ்வேறுபாட்டை அறியாமையாலேயாம்.

ஒழுங்கையில் இரு காவலர்

சில்லைச் சுழற்றும்போது கணினி அறியவேண்டுவன இரண்டு. எவ்வளவு சுழன்றது என்பது ஒன்று. எத்திசையிற் சுழன்றது என்பது மற்றொன்று. இவற்றை அறிவிப்பது சில்லின் அச்சோடு இணைந்துள்ள என்கோடர் என்னுஞ் சிறு உறுப்பு. அஃது இரண்டு மின்குறிகளை அனுப்புகின்றது. ஒரு குறி போதாதோ, இரண்டு எதற்கு என மாணவர் வினவலாம்.

குறுகிய ஒழுங்கையொன்றை எண்ணிக் கொள்ளுங்கள். அதன் வேலியோரத்தில், நாலடி இடைவெளியில், இரு சிறுவர் காவல் நிற்கின்றனர். வண்டி தன்னைக் கடக்கும்போது ஒவ்வொருவனும் குரல் கொடுக்க வேண்டும். நாம் வீட்டினுள்ளே இருக்கின்றோம், வண்டியைக் காணோம், குரலை மட்டுமே கேட்கின்றோம். ஒருவனே நின்றானாயின் வண்டி போனது தெரியும். எப்பக்கம் போனது என்பது தெரியாது. இருவர் நிற்பதால், கிழக்கே நிற்பவன் முதலிலும் மேற்கே நிற்பவன் அடுத்தும் குரல் கொடுத்தால், வண்டி மேற்கு நோக்கிப் போயிற்று என அறிவோம். முறை மாறினால் திசையும் மாறிற்று என்போம்.

சில்லின் உள்ளே நிகழ்வதும் இதுவே. குரல் உண்டேல் 1 எனவும் இல்லையேல் 0 எனவும் கொள்வோமாயின், ஒரு திசையிற் சுழலும்போது 00, 10, 11, 01, மீண்டும் 00 என்னும் ஒழுங்கிற் குறிகள் வரும். எதிர்த்திசையிற் சுழலும்போது அவ்வொழுங்கு தலைகீழாகும். ஒவ்வோர் அடியிலும் இரண்டில் ஒன்று மட்டுமே மாறுவதைக் கவனிக்குக. இத்தகைய வரிசை, அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கிரே என்பவரின் பெயரால் கிரேக் குறியீடு எனப்படும். அவர் 1947இல் விண்ணப்பித்த காப்புரிமை 1953இல் அவருக்கு வழங்கப்பட்டது.

இனி, காவல் நிற்கும் சிறுவருள் ஒருவன் உறங்கிவிட்டு, மற்றவன் குரலைக் கேட்டு விழித்துக் காலந்தாழ்த்திக் கத்தினால் என்னாகும்? மேற்கே போன வண்டி கிழக்கே போயிற்று என நாம் எழுதிக்கொள்வோம். ஒரே வண்டிக்கு இருமுறை கத்தினால் கணக்கே குழம்பும். பக்கத்தைக் கீழே நகர்த்துகையில் அது திடீரென ஓரிரு வரி மேலே பாய்வதன் உட்காரணம் பெரும்பாலும் இதுதான். சில்லு சரியாகவே சுழல்கின்றது. காவலன் பிழை சொல்கின்றான்.

காவலன் ஏன் பிழை சொல்கின்றான்? என்கோடரில் இரு வகை உண்டு. ஒரு வகையிலே மெல்லிய உலோகத் தகடுகள், சுழலும் வட்டொன்றின் உலோகப் பகுதிகளைத் தொட்டும் விட்டும் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும். எந்த உலோகத் தொடுகையும் ஒரே முறையில் அமைதியாக இணைவதில்லை. நிலத்தில் விழுந்த பந்தைப் போலச் சில மில்லிசெக்கன் நேரம் துள்ளியே அடங்கும். கருவியினுள்ளே இருக்கும் செயலி இச்சிறு துள்ளலைப் பொருட்படுத்தாதவாறு அமைக்கப்பட்டிருக்கும். ஆயினும், தகட்டின் இழுவிசை தளர்ந்தாலோ, தொடுமிடத்தில் அழுக்கும் களிம்பும் படிந்தாலோ, துள்ளல் நீளும், செயலி ஏமாறும். கடற்காற்றும் ஈரலிப்பும் மிகுந்த எமது நாட்டிலே, புளியிட்டு விளக்கிய பித்தளைச் செம்பு எத்துணை விரைவில் ஒளி மங்குகின்றது என்பதை இல்லத்தரசிகள் அறிவர். கருவியின் உள்ளிருக்கும் உலோகமும் அக்காற்றைத்தான் சுவாசிக்கின்றது.

மற்றை வகையிலே, பல்லிடுக்குகள் கொண்ட சில்லின் ஒருபுறத்திற் செந்நிறக்கீழ்க் கதிர் வீசும் சிறு விளக்கும், மறுபுறத்தில் அதனை உணரும் உறுப்பும் இருக்கும். இங்கே உரசித் தேயும் தொடுகை இல்லை. ஆயின் ஒரு தலைமயிரோ, பஞ்சோ, தூசியோ இடுக்கை மறைத்துவிட்டாற் காவலனின் கண் மறைந்ததற்கு ஒப்பாகும்.

கையின்மேல் விழுந்த பழி

எமது அயலில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் வாழ்கின்றார். எழுபது வயதைக் கடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாரிசவாதத்தினால் அவருடைய வலக்கை தளர்ந்தது. பயிற்சியினால் ஓரளவு தேறியது. சுட்டியைப் பிடித்து இழுத்தல் இயலாமையால், வெளிநாட்டில் வாழும் மகள் ட்ராக்போல் ஒன்றை அனுப்பி வைத்தார். அதன் உதவியோடு, படமெடுத்துக் கணினியிற் சேர்த்து வைத்த குடும்பக் காணி உறுதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, எல்லைகளையும் பெயர்களையும் அட்டவணைப்படுத்தி வந்தார். பிள்ளைகள் பல நாடுகளிற் பரந்து வாழும் குடும்பத்துக்கு அது மிக வேண்டிய பணி. அதனைச் செய்யத்தக்கவரும் அவர் ஒருவரே.

நாளடைவிற் பக்கம் பாயத் தொடங்கியது. பழைய உறுதியின் நெருக்கமான கையெழுத்தில் ஒரு வரியைப் பிடித்து வாசிக்கையில் அது மேலே ஓடிவிடும். மீண்டுந் தேடிப் பிடித்தால் மீண்டும் ஓடும். அவர் கருவியைக் குறை கூறவில்லை. தம் கையையே குறை கூறினார். "சில்லு சரிதான் மாஸ்ரர்; கைதான் போச்சு" என்று எம்மிடஞ் சொன்னார். வீட்டாரும் அவ்வாறே எண்ணினர். "விடுங்கோ அப்பா, நேரம் வரேக்கை நான் வாசிச்சுச் சொல்லுறன்" என மகன் ஆறுதல் கூறினார். அந்நேரம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறுதிகள் இரு மாதம் திறக்கப்படாது கிடந்தன.

நாம் செய்த பரிசோதனை மிக எளியது. பள்ளி செல்லும் பேர்த்தியை அழைத்து, சில்லைக் கீழ்நோக்கி ஒவ்வொரு படியாக இருபது படி சுழற்றுமாறு கூறினோம். நான்கு முறை பக்கம் மேலே பாய்ந்தது. "அப்பப்பா, எனக்கும் பாயுது!" என்று அச்சிறுமி கூவினாள். பின்னர் அவரைச் சுழற்றச் சொன்னோம். இருபது படியில் ஐந்து முறை பாய்ந்தது. பதினொரு வயதுக் கைக்கும் நோயுற்ற கைக்கும் இடையே வேறுபாடு இருபதுக்கு ஒன்று! பழி கையின்மேல் நிற்கவில்லை.

முதியோர் உள்ள இல்லங்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கையில் உண்மையாகவே புதிய தளர்ச்சியோ மரப்போ தோன்றினால் உடனே வைத்தியரை நாட வேண்டும். அதிற் காலந்தாழ்த்துதல் கூடாது. ஆயின், கருவியின் முன்னர் மட்டும் தோன்றி, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கையிலும் பேனாவைப் பிடிக்கையிலும் தோன்றாத தடுமாற்றம் எனின், கருவியையும் விசாரிப்பதே நீதி.

ஒரு வேளைக்கு ஒரு மாற்றம்

பழுதின் இருப்பிடத்தைக் காணும் முறை ஒன்றே. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. ஏனைய யாவற்றையும் முன்போல விடுக. மின்கலத்தையும் மாற்றி, அமைப்புகளையும் மாற்றி, மென்பொருளையும் புதிதாக இட்ட பின்னர்ச் சில்லு சரியானால், சரியாக்கியது எது என யாரறிவார்? மறுமுறை பழுதுறும்போது மூன்றையும் மீண்டுஞ் செய்ய வேண்டியதே.

முதலிற் கையை மாற்றுக. இதன் பயனை மேலே கண்டோம்.

இரண்டாவதாகத் திறந்திருக்கும் நிரலை மாற்றுக. இணைய உலாவியிற் பாயும் பக்கம், எழுத்து வேலைக்குரிய நிரலில் ஒழுங்காக நகருமாயின், சில்லு குற்றமற்றது. உலாவியோ அதனோடு சேர்த்த துணை நிரலோ காரணமாதல் கூடும்.

மூன்றாவதாகக் கணினியை மாற்றுக. அயல் வீட்டுக் கணினியில் இணைத்துப் பார்த்தல் போதும். அங்கும் அதே பிழை தோன்றினால் குற்றம் கருவியினுள்ளே உள்ளது. அங்கு தோன்றாவிடின், உமது கணினியின் அமைப்பிலோ இயக்கியிலோ அதனைத் தேடுக. மறுதலையாக, வேறொரு சுட்டியை உமது கணினியில் இணைத்துப் பார்த்தலும் நன்று.

நான்காவதாக, கம்பியில்லாக் கருவியாயின், மின்கலத்தையும், கணினியிற் செருகப்படும் சிறு வாங்கியின் இடத்தையும், தனித்தனியே மாற்றுக. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் இயங்குகின்றன. யூ.எஸ்.பி. 3.0 வகை இணைப்புகளும் வடங்களும் அம்மீடிறனை அண்டிய இரைச்சலை எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையொன்றில் விளக்கியது. ஆகவே, அத்தகைய சேமிப்புப் பெட்டியொன்று வாங்கியின் அருகே செருகப்பட்டிருந்தால், வாங்கியை வேறு துளைக்கு மாற்றுக; அல்லது ஒரு முழ நீளமான நீட்டு வடத்தினால் அதனைக் கருவியின் அண்மைக்குக் கொணர்க.

குறியை வாசித்தல்

நோயாளியின் முகத்தைப் பார்த்தே பாதியை அறியும் வைத்தியரைப் போல, பிழை தோன்றும் விதத்தைக் கொண்டே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

பக்கம் எப்பொழுதும் எதிர்த்திசையில் நகருமாயின் அது பழுதன்று, அமைப்பு. 2011ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் 'இயல்பான திசை' என ஒன்றைப் புகுத்தியது முதல், திசையை மாற்றும் வசதி பல கணினிகளில் உண்டு. வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக மாற்றியிருத்தல் கூடும். எப்பொழுதும் மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ நகருமாயின், அதுவும் அமைப்பே. விண்டோஸ் கணினியிற் சில்லின் ஒரு படிக்கு மூன்று வரி என்பது வழமையான அளவு. அதனைக் கூட்டவுங் குறைக்கவும் இயலும்.

பக்கம் நகராது எழுத்துகள் பெருத்துஞ் சிறுத்தும் வந்தால், விசைப்பலகையிற் 'கொன்ட்ரோல்' விசை அழுந்திச் சிக்கியிருக்கின்றதா எனப் பார்க்க. சில்லைத் தொடாமலே பக்கம் தானாக ஓடினால், சில்லைச் சுழற்றுகையில் அது கீழே அழுந்தியிருக்கலாம். பல உலாவிகளிற் சில்லை அழுத்தினால் வட்டக் குறியொன்று தோன்றி, சுட்டுக்குறி போகும் பக்கமெல்லாம் தாளும் ஓடும். மீண்டும் ஒருமுறை அழுத்தினால் அது நிற்கும். கை தளர்ந்தோர்க்கு இது அடிக்கடி நேரும்.

சிறிது நேரம் ஒன்றும் நிகழாது, பின்னர் ஒரே பாய்ச்சலாகப் பத்து வரி நகர்ந்தால், வானொலித் தொடர்பையோ மின்கலத்தையோ ஐயுறுக. சுட்டுக்குறியும் உடன் தடுமாறுமாயின் ஐயம் உறுதிப்படும். சில்லின் மேலுள்ள இறப்பர் வளையம் மட்டும் வழுக்கிச் சுழல, பக்கம் அசையாதிருந்தால், வளையம் தளர்ந்துவிட்டது.

ஒரு திசையிற் சுழற்றுகையில் இடையிடையே எதிர்த்திசையிற் பாய்வதே என்கோடரின் உண்மையான குறி. இதனை மேலும் ஆராய விரும்பும் மாணவர், சில்லின் ஓரத்திற் பேனாவினால் ஒரு புள்ளியிட்டு மெதுவாகச் சுழற்றுக. புள்ளி ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் பிழை நேர்ந்தால், அவ்விடத்தில் அழுக்கோ தேய்வோ உண்டு. எங்கெங்கோ நேர்ந்தால், தகட்டின் தளர்ச்சியை அது காட்டும். இருபது படிக்கு எத்தனை பாய்ச்சல் என்பதைக் கொப்பியில் எழுதி வைக்க. திருத்திய பின்னர் அதே கணக்கை எடுத்து ஒப்பிட்டாலன்றி, திருந்தியது உண்மையா எமது ஆசையா என்பது தெரியாது.

துடைத்தலும் திறத்தலும்

குற்றம் என்கோடரில் எனக் கண்டபின், முதலிற் செய்யத்தக்கது துடைத்தல். கருவியை நிறுத்தி, மின்கலத்தைக் கழற்றுக. கம்பியுள்ளதாயின் கணினியிலிருந்து பிடுங்குக. சில்லின் இருபுற இடைவெளியிலும் காற்றடிக்கும் சிறு பம்பியால் ஊதுக. வாயால் ஊதினால் எச்சிலின் ஈரமும் உடன் செல்லும். பின்னர்ச் சில்லை இரு திசையிலும் ஐம்பது அறுபது முறை விரைவாகச் சுழற்றுக. ஒளியால் இயங்கும் வகைக்குப் பெரும்பாலும் இதுவே போதும். தொடுகை வகையிலும், மெல்லிய களிம்பு இவ்வுரசலினாலேயே அகல்வதுண்டு.

அதனாற் பயன் காணாவிடில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரோப்பைல் அற்ககோலை, அல்லது மின் தொடுகைகளுக்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தைப் பயன்படுத்தலாம். ஓரிரு துளி போதும், ஊற்றுதல் வேண்டாம். நன்கு உலர்ந்த பின்னரே மின்கலத்தை இடுக. அற்ககோல் எளிதில் தீப்பற்றுமாதலால் அடுப்பையும் விளக்கையும் விட்டு விலகியிருந்து செய்க. வீட்டிலிருக்கும் ஓடிக்கொலோனைத் தேடி எடுத்தல் வேண்டாம். அதில் நீரும் வாசனைப் பொருளும் கலந்துள்ளன. சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டின் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் சேர்க்கப்படுவதுண்டு. போத்தலின் தாளை வாசித்தறிக. தையல் இயந்திர எண்ணெயும் தேங்காயெண்ணெயும் அறவே ஆகா. அவை சில்லை வழுவழுப்பாக்கி ஒரு வாரம் மகிழ்விக்கும். பின்னர் ஊரிலுள்ள தூசியையெல்லாம் அழைத்து வைத்துக்கொள்ளும்.

உறையைத் திறத்தல் கடைசிப் படி. உத்தரவாதக் காலம் முடியவில்லையாயின் விற்றவரிடமே கொடுக்க. திறந்தால் அவ்வுரிமையை இழத்தல் கூடும். முடிந்துவிட்டதாயின், திருகாணிகளை அடியிலுள்ள இறப்பர்ப் பாதங்களின் கீழும், ஒட்டிய தாளின் கீழும் தேடுக. கழற்றுமுன் ஒவ்வொரு நிலையிலும் கைத்தொலைபேசியினாற் படமெடுத்து வைத்தல் நன்று. உள்ளே நிலையான லிதியம் மின்கலம் உள்ள கருவியாயின், அதனைக் கூரிய ஆயுதத்தாற் குத்தவோ வளைக்கவோ கூடாது. என்கோடர் மிகவுந் தேய்ந்திருந்தால், பற்றாசை உருக்கி அதனை எடுத்து, அதே உயரமும் அதே அச்சுத் துளையும் உள்ள வேறொன்றைப் பொருத்த வேண்டும். உயரம் சிறிது மாறினாலும் சில்லு உறையில் உரசும். பற்றாசுக் கோலிற் பயிற்சியில்லாதோர் இதனைக் கைத்தொலைபேசி திருத்துவோரிடம் ஒப்படைத்தல் நலம். சில்லு பிழைத்தது என்று மட்டுங் கூறாது, நீங்கள் செய்த சோதனைகளையும் அவற்றின் முடிவையும் எழுதிக் கொடுத்தால், அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.

மேற்கூறிய பெரியவரின் கருவியை முதலில் ஊதித் துடைத்தோம். இருபதுக்கு நான்காயிருந்த பாய்ச்சல் இருபதுக்கு ஒன்றாகக் குறைந்தது. ஏறக்குறைய இரு மாதத்தின் பின்னர் மீண்டும் பெருகவே, பட்டினத்திலுள்ள திருத்துநர் ஒருவர் என்கோடரை மாற்றிக் கொடுத்தார். அந்த இடைக்காலத்தில் அவர் சும்மாயிருக்கவில்லை. 'பேஜ் டவுன்' விசையாலும் அம்புக்குறி விசைகளாலும் பக்கத்தை நகர்த்தி வேலையைத் தொடர்ந்தார். லினக்ஸ் கணினிகளிலும், சில உற்பத்தியாளரின் மென்பொருளிலும், ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பந்தை உருட்டினாற் பக்கம் நகருமாறு அமைத்தலும் இயலும். சில்லு முற்றாக ஓய்ந்தாலும் அதனால் வேலை ஓய வேண்டியதில்லை. அவர் அட்டவணையை முடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டார். கருவி பழுதென்று தெரிந்த நாளிலேயே அவர் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டார் என்பதைத்தான் நாம் பெரிதாகக் கருதுகின்றோம். அன்று சில்லு திருந்தியிருக்கவில்லை.

மாணவர்க்கு ஒரு சொல். இரசாயன ஆய்வுகூடத்திலே, தெரியாத உப்பொன்றை அறிதற்குச் சோதனைக் குழாயில் எல்லாத் திரவங்களையும் ஒருங்கே ஊற்றும் மாணவன் எதனையும் அறியான். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் விளைவையும் குறித்துக் கொள்பவனே விடை காண்பான். அம்முறை ஆய்வுகூடத்தின் வாசலோடு நின்றுவிடுமாயின், பரீட்சை முடிந்ததும் அதனால் ஒரு பயனுமில்லை. வீட்டில் ஒளிராத மின்குமிழும், நீர் இழுக்காத பம்பியும், நெறி தவறிய சில்லும் அதே முறையைத்தான் வேண்டி நிற்கின்றன.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கணினியில் எழுதியதிற் பிழை மிகுந்தாற் 'கவனமில்லை' என்கின்றோம். முதியவர் தடுமாறினால் 'வயது போய்விட்டது' என்கின்றோம். இரண்டும் உண்மையாதல் கூடும். ஆயினும் அவ்வாறு தீர்ப்புக் கூறுமுன் அக்கருவியை ஒருமுறை நம் கையில் வாங்கி, இருபது படி சுழற்றிப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.